திருகோணமலையிலிருந்து பந்தயத் தடத்துக்கு: இளம் மோட்டார் பந்தயச் சாரதிகளுக்கான பயிற்சிக் கழகத்தில் சேர விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை மாவட்டத்தில் தார் போட்ட பந்தயத் தடமும் இல்லை, கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டிகள் ஓடும் கார்ட்டிங் தடமும் இல்லை. ஆகவே இங்கிருந்து மோட்டார் பந்தயப் பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு முதற்செலவு பயணச் செலவாகத்தான் இருக்கும். அந்த நிலைமையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் எதை எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சலையும் வீண் செலவையும் பெருமளவு தவிர்த்துவிடலாம். உவர்மலையிலோ உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ இருந்துகொண்டு, பிள்ளையின் ஆசையை எங்கே தொடங்கிவைப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்காகவும், அந்தப் பிள்ளைகளுக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் திரும்பத் திரும்ப வரும் ஆலோசனை ஒன்றே: பொருள் வாங்கப் பணம் போடாமல், தடத்தில் ஓடும் நேரத்துக்குப் பணம் போடுங்கள், ஒவ்வொரு படியிலும் நிறுத்திக்கொள்ள இடம் விட்டுச் செலவழியுங்கள்.

இரு வகைக் கழகங்கள்

பயிற்சிக் கழகம் என்று சொல்லப்படுபவை உண்மையில் இரு வகைப்பட்டவை. முதல் வகை, ஃபார்முலா 1 அணிகள் நடத்தும் இளையோர் திட்டங்கள். ரெட் புல் 2001இல் தொடங்கிய இளையோர் அணியும், ஃபெராரி 2009இல் தொடங்கிய சாரதிகள் கழகமும் இவ்வகையைச் சேர்ந்தவை. லூயிஸ் ஹாமில்டனை மெக்லாரன் 1998இல், அவருக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோதே, தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. இவற்றில் பணம் கட்டிச் சேர முடியாது. ஏற்கெனவே பந்தயங்களில் பெறுபேறு காட்டிய பிள்ளைகளை அவர்களே தேடி எடுக்கிறார்கள். இரண்டாம் வகை, கட்டணம் பெற்றுக்கொண்டு சில நாள்களோ சில வாரங்களோ கற்றுத்தரும் பந்தயப் பள்ளிகள். நாம் போகக்கூடியது இந்த இரண்டாம் வகைக்குத்தான். "இவ்வளவு கட்டினால் ஃபார்முலா 1 அணியின் திட்டத்துக்குள் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்த உரையாடலை அவ்விடத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கட்டணப் பள்ளி என்பதால் அதைக் குறைத்து மதிக்கவும் வேண்டியதில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1992இல் பிரான்ஸின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் பயின்று, அங்கு நடந்த திறமைத் தேர்வில் அரையிறுதி வரை சென்றார். ஃபார்முலா 1இல் அவர் முதன்முதலாகப் பங்கேற்றது 2005இல், ஜோர்டான் அணியில், 28 வயதில். பள்ளிக்கும் அந்த இருக்கைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தார். மிஷெலின் டயர் அணிகள் விலகியதால் ஆறு கார்களே ஓடிய பந்தயம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயதுக் கணக்கு

உலகளவில் கார்ட் பந்தயங்கள் பெரும்பாலும் எட்டு வயதளவில் தொடங்குகின்றன. பன்னிரண்டு வயதளவில் இளையோர் பிரிவும், பதினான்கு வயதளவில் மூத்தோர் பிரிவும் வருகின்றன. ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயங்களின் முதல் படியான ஃபார்முலா 4இல் பதினைந்து வயதிலிருந்து ஓடலாம். ஃபார்முலா 1க்குரிய சூப்பர் லைசன்ஸ் பெறுவதற்குப் பொது விதிப்படி பதினெட்டு வயதாகியிருக்க வேண்டும், மூன்று ஆண்டுகளுக்குள் பிற பந்தயத் தொடர்களில் 40 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும், அத்துடன் சாதாரண வீதிச் சாரதி அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பதினேழு வயதுப் பிள்ளை மனம் தளர வேண்டாம். ஃபார்முலா 1 என்ற ஒரு வாசல்தான் அந்த வயதில் ஏறத்தாழ அடைபட்டிருக்கும். சலூன் கார், ராலி, நெடுந்தொலைப் பந்தயம் ஆகியவை திறந்தே இருக்கின்றன. நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதை நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். பெண் பிள்ளைகளுக்கு 2023இல் தொடங்கிய எஃப்1 அகாடமி என்ற தனித் தொடர் இருக்கிறது. பெயரில் அகாடமி இருந்தாலும் அது ஃபார்முலா 4 கார்களைக் கொண்டு நடத்தப்படும் பந்தயத் தொடர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதற்படி: ஊரிலிருந்தே செய்ய வேண்டியவை

நிலாவெளி வீதியும் கந்தளாய் வீதியும் பயிற்சித் தடங்கள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீதியில் வாகனம் ஓட்டுவது இந்நாட்டில் குற்றம்; அதைவிட முக்கியமாக, வீதியில் வேகமாகப் போய்ப் பழகியவர் தடத்துக்கு வரும்போது கற்றுக்கொள்வதைவிட மறக்க வேண்டியதே அதிகமாக இருக்கும். எதிரே வாகனம் வரும், மாடு குறுக்கே வரும் என்ற அச்சத்தில் கண்ணை முன்சக்கரத்துக்கு அருகிலேயே வைத்திருக்கும் பழக்கம் ஒன்று போதும், பந்தயத் தடத்தில் ஒவ்வொரு வளைவையும் தாமதமாகப் பார்ப்பதற்கு.

மாறாக, உடலைத் தயார்செய்யலாம். கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது, பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. பத்து நிமிட ஓட்டத்திலேயே முன்கையும் கழுத்தும் விலாவும் வலிக்கத் தொடங்கிவிடும். உப்புவெளியில் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் நீந்துவதும், கன்னியா வரை சைக்கிள் மிதித்து வருவதும் செலவில்லாத நல்ல பயிற்சிகள். கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கைக்குப் பழகிய உடல், தலைக்கவசமும் தடித்த உடையும் அணிந்து வெயிலில் உட்கார வேண்டிய விளையாட்டில் ஓரளவு அனுகூலம் உடையதுதான். ஆனால் தண்ணீர் குடிக்கும் ஒழுங்கு இல்லாவிட்டால் அந்த அனுகூலம் அரை நாளில் போய்விடும். கண் பரிசோதனையையும் இப்போதே செய்துவிடுங்கள். தூரத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாத குறைபாடு தமக்கு இருப்பதை அறியாமலே பயிற்சிக்குப் போய், பிரேக் பிடிக்கும் இடத்தைத் தவறவிடுவதைத் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

கணினியில் ஸ்டியரிங் சக்கரமும் மிதிகளும் பொருத்தி ஓட்டும் சிமுலேட்டரைச் சிலர் விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள். நிசானும் சோனியும் 2008 முதல் 2016 வரை நடத்திய ஜி.டி. அகாடமி, வீட்டில் கணினி விளையாட்டு ஆடியவர்களைத் தேர்ந்தெடுத்து உண்மையான பந்தயக் கார்களில் ஏற்றியது. லூக்காஸ் ஒர்டோனியெஸும் ஜான் மார்டன்பரோவும் அவ்வழியே வந்தவர்கள். தடத்தின் வளைவுகளை மனப்பாடம் செய்யவும், கொடிகளின் பொருளைப் பழகவும், ஒரே சுற்றைப் பிழையின்றித் திரும்பத் திரும்ப ஓட்டும் பொறுமையைச் சோதிக்கவும் சிமுலேட்டர் உதவும். பின்சக்கரம் வழுக்கத் தொடங்குவதை இடுப்பில் உணரும் அறிவை மட்டும் அது தராது.

நம் மாவட்டத்துக்கு அருகில் பார்க்கக்கூடிய பந்தயங்கள் பெரும்பாலும் இராணுவத்தினரும் விமானப்படையினரும் நடத்தும் மண் தடப் பந்தயங்கள்: மின்னேரியாவில் கன்னர் சூப்பர்குரொஸ், அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா சூப்பர்குரொஸ், சிகிரியாவில் ராலிகுரொஸ். ஹபரணை வழியாக மின்னேரியாவுக்குக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். பந்தயத்தை மட்டும் பார்க்காமல், கார்கள் நிறுத்திவைக்கப்படும் இடத்துக்கு அனுமதி கேட்டுப் போய், ஓர் அணி இரண்டு ஓட்டங்களுக்கு இடையே என்னென்ன செய்கிறது என்று பிள்ளையைக் கவனிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர் மத்தியில் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் நிற்கக் கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் எங்கும் நிற்கக் கூடாது.

இரண்டாம் படி: கார்ட்டில் முதல் நாள்

பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன் பிள்ளையை ஒரு நாளாவது கார்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கொழும்புக்குத் தெற்கே, களுத்துறை மாவட்டத்தின் பண்டாரகமவில் கார்ட்டிங் தடம் உண்டு. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் போகலாம். புறப்படுவதற்கு முன் தடம் திறந்திருக்கும் நாளையும், பிள்ளைக்குரிய உயரம், வயது எல்லைகளையும் தொலைபேசியில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கடைத்தொகுதிகளில் உள்ள பொழுதுபோக்குக் கார்ட்டுகள் ஆசையைத் தெரிந்துகொள்ளப் போதும், கற்பதற்குப் போதாது.

உட்காரும்போது கவனிக்க வேண்டியது இருக்கை. கார்ட்டின் இருக்கை வெறும் ஆசனம் அன்று, சட்டகத்தின் ஒரு பகுதி. கார்ட்டின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால், வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து சற்று எழும்பினால்தான் வண்டி இலகுவாகத் திரும்பும். அந்த எழுச்சிக்குச் சாரதியின் உடல் எடை இருக்கை வழியாகச் சட்டகத்துக்குச் செல்ல வேண்டும். இருக்கை பெரிதாக இருந்தால் உடல் உள்ளே ஆடும், எடை தாமதமாகப் போகும், மாலையில் விலா கன்றிப்போயிருக்கும். ஆகவே இடுப்பும் விலாவும் ஆடாமல் பிடித்திருக்கின்றனவா, பிரேக்கை முழுவதும் மிதித்தபோதும் முழங்கால் சற்று மடிந்தே இருக்கிறதா, ஸ்டியரிங்கின் மேற்பகுதியைப் பிடிக்கும்போது தோள் இருக்கையை விட்டு விலகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இடக்கால் பிரேக்குக்கு, வலக்கால் வேகத்துக்கு. இரண்டையும் ஒன்றாக மிதிக்கக் கூடாது.

நீண்ட கூந்தலைப் பின்னி, சட்டைக்குள் விட்டு, தலைக்கவசத்துக்கு வெளியே ஒரு முடியும் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சால்வை, துப்பட்டா, தளர்ந்த ஆடை எதுவும் ஆகாது. சுழலும் அச்சு அவற்றைச் சுற்றிக்கொண்டால் நொடியில் உயிராபத்து நேரும். தடத்தின் பணியாளர் இதைச் சரிபார்க்காமல் பிள்ளையை ஏற்றினால், அந்த இடத்தில் ஓட வேண்டாம்.

முதல் நாளில் வேகத்தைப் பார்க்க வேண்டாம். பத்துச் சுற்றுகளின் நேரங்களை எழுதிக்கொண்டு, அவற்றுள் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அந்த வித்தியாசம் நாளடைவில் சுருங்கும் பிள்ளைக்குத்தான் பயிற்சிக் கழகம் பயன்படும் என்பது என் கணிப்பு. ஒரு சுற்றில் மின்னலாக வந்து அடுத்த சுற்றில் புல்லில் ஏறும் பிள்ளைக்கு இன்னும் சில கார்ட் நாள்கள் வேண்டும்.

மூன்றாம் படி: கழகத்தைத் தேர்ந்தெடுத்தல்

தமிழிலேயே விளக்கம் கேட்டுக்கொள்ளக்கூடிய சூழல் வேண்டுமானால், நமக்கு வாய்ப்பானவை சென்னையும் கோயம்புத்தூரும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கேயே கார்ட்டிங்குக்கென்று தனித் தடமும் அமைக்கப்பட்டிருக்கிறது. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில், எஸ். கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சாதாரண வீதிக் காரின் இயந்திரத்தை வைத்து மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, அந்தத் தலைமுறை இளைஞர்களுக்கு வழி திறந்துவிட்டவர் அவர். சென்னைக்கு யாழ்ப்பாணம் பலாலியிலிருந்தும் விமானம் இருப்பதால், நம் மாவட்டத்தின் வடபகுதியில் இருப்பவர்கள் கொழும்புக்குப் போகாமலே பயணப்படலாம்.

காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நமக்கு மழை கொட்டும் மாதங்களிலேயே சென்னைக்கும் மழை என்பதை மறந்துவிடக் கூடாது. டிசம்பர் விடுமுறையைவிட ஆகஸ்ட் விடுமுறை பொருத்தமானது. ஈரத் தடத்தில் ஓட்டுவதும் ஒரு பாடம்தான், ஆனால் அது முதல் பாடமாக இருக்க வேண்டியதில்லை.

கழகத்தாரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. ஒரு நாளில் ஒரு மாணவர் தடத்தில் உண்மையாக எத்தனை நிமிடம் ஓடுவார்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? ஓட்டத் தரவுகள் பதிவாகுமா, பயிற்சி முடிந்ததும் அவை மாணவரின் கையில் தரப்படுமா? வாகனம் சேதமடைந்தால் செலவை யார் ஏற்பது, எந்தத் தொகை வரை? வைத்தியரும் ஆம்புலன்ஸும் தடத்திலேயே இருப்பார்களா? இவற்றுள் முதல் கேள்விக்குத்தான் பலர் நழுவலாகப் பதில் சொல்வார்கள். மூன்று நாள் பயிற்சி என்று விளம்பரப்படுத்திவிட்டு, அதில் பெரும்பகுதியை வகுப்பறையிலும் படம் எடுப்பதிலும் சான்றிதழ் வழங்குவதிலும் கழித்துவிடுவது நடக்கக்கூடியது. நிமிடக் கணக்கைத் தெளிவாகச் சொல்லும் இடம், கட்டணம் சற்றுக் கூடினாலும், பெரும்பாலும் இலாபமாகவே முடியும். சேதத்துக்கான முன்வைப்புத் தொகையைப் பற்றிய விடயத்தையும் வாய்ச்சொல்லில் விட்டுவிட வேண்டாம்.

நான்காம் படி: பயிற்சி நாள்களில்

கழகம் உண்மையில் தருவது அளவீடு. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாததைப் பிள்ளை அங்கே எண்களாகப் பார்க்கிறது. திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று பயிற்றுநர் ஓட்டியது, மற்றது மாணவர் ஓட்டியது. கிடைமட்டத்தில் தூரம், செங்குத்தில் வேகம். புதியவரின் கோடு ஏறக்குறைய எப்போதும் ஒரே வகையில்தான் பிழைபட்டிருக்கும்: வளைவுக்கு மிக முன்னதாகவே தாழத் தொடங்கும், மெதுவாக, நெடுநேரம் தாழும், வளைவின் நடுவில் தேவைக்கு மேல் அடியில் கிடக்கும், பிறகு தாமதமாக ஏறும். பயிற்றுநரின் கோடு தாமதமாக, செங்குத்தாக விழுந்து, கடைசிப் பகுதியில் மட்டும் மெல்லச் சாய்ந்து, உடனே ஏறத் தொடங்கும். அதாவது பிரேக்கை முதலில் உறுதியாக மிதித்து, திருப்பத் திருப்ப அதைச் சிறிது சிறிதாக விடுவிக்க வேண்டும். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 25 மீற்றர் ஓடும். செக்கனின் பத்தில் ஒரு பங்கு தயக்கம் 2.5 மீற்றராகிவிடும். "கொஞ்சம் பிந்திப் பிரேக் பிடி" என்று சொல்லும் பயிற்றுநரைவிட, எந்த அடையாளப் பலகைக்கு எத்தனை மீற்றர் பிந்தி என்று காட்டும் பயிற்றுநரே நல்லவர்.

எல்லா வளைவுகளும் சமமான பெறுமதி உள்ளவை அல்ல. நீண்ட நேர்ப்பாதைக்கு முன் வரும் வளைவில் வெளியேறும் வேகம் சற்றுக் கூடினாலும், அந்தப் பயன் நேர்ப்பாதை முழுவதும் தொடர்ந்து வரும். ஆகவே தடத்தைக் காலையில் ஒருமுறை கால்நடையாகச் சுற்றி வந்து, எந்த வளைவு எந்த நேர்ப்பாதைக்கு வாசல் என்று அப்பியாசக் கொப்பியில் வரைந்துகொள்வது, ஓட்டும் நேரத்தில் பெரும் மிச்சத்தைத் தரும்.

கொடிகளை வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு போக வேண்டும். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் வேகமானவர் பின்னால் வருகிறார். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தடம் வழுக்குகிறது. மஞ்சளில் முந்தும் மாணவரைப் பயிற்றுநர்கள் எளிதில் மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் கூடாது.

பயிற்றுநர்கள் நேரப் பட்டியலை மட்டும் பார்ப்பதில்லை. யூக்கி சுனோடா 2016இல் ஜப்பானின் சுசுக்கா பந்தயப் பள்ளியில் உதவித்தொகைக்குரிய இடத்தைப் பெறவில்லை; ஆனாலும் பள்ளியின் தலைவர் சட்டோரு நக்காஜிமா அவருடைய ஓட்டத்தில் எதையோ கண்டு ஹொண்டாவிடம் பரிந்துரைத்தார், 2021இல் அவர் ஃபார்முலா 1இல் ஓடினார். ஓட்டம் முடிந்து இறங்கியதும் மாணவர் என்ன சொல்கிறார் என்பதைப் பயிற்றுநர் உன்னிப்பாகக் கேட்பார். "வண்டி சரியில்லை" என்பது பயனற்ற பதில். "இரண்டாம் வளைவில் நுழையும்போது முன்பகுதி திரும்ப மறுக்கிறது, வெளியேறும்போது சரியாகிவிடுகிறது" என்பதில் மெக்கானிக்குக்கு வேலை இருக்கிறது.

ஐந்தாம் படி: உடுப்பு, பத்திரங்கள்

தொடக்கப் பயிற்சிகளில் தலைக்கவசத்தையும் உடையையும் கழகமே தருவது வழக்கம். ஒன்றே ஒன்றை வாங்குவதென்றால் தலைக்கவசத்தை வாங்குங்கள். நகரத்துக் கடைகளில் கிடைக்கும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் இதற்கு ஏற்புடையதன்று. சிறுவர்களின் மெல்லிய கழுத்துக்கென்று எடை குறைத்துச் செய்யப்படும் சி.எம்.ஆர். 2016 தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கார்ட் உடை உராய்வைத் தாங்குவதற்கானது, கார் உடை தீயைத் தாங்குவதற்கானது. ஒன்றை மற்றதற்கு அணிய முடியாது.

பயிற்சி பெறுவது வேறு, போட்டியில் ஓடுவது வேறு. போட்டிக்கு உரிமம் வேண்டும். உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் சர்வதேச விதிப்படி, ஒரு சாரதி பொதுவாகத் தன் நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட தேசிய அமைப்பிடமே உரிமம் பெறுகிறார்; வேறு நாட்டில் ஓடுவதற்கும், வேறு நாட்டின் உரிமத்தைப் பெறுவதற்கும் அந்த அமைப்பின் சம்மதம் தேவைப்படும். இந்தியாவில் போட்டிகளை நிர்வகிப்பது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற கூட்டமைப்பு. அங்கே 2023இல் தொடங்கிய இந்திய ஃபார்முலா 4 போட்டித் தொடர் போன்றவற்றில் பிற்காலத்தில் ஓடும் எண்ணம் இருந்தால், சம்மதக் கடிதத்துக்குரிய வேலையைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். கடவுச்சீட்டு, பயிற்சிக்குச் செல்லுபடியாகும் விசா, வைத்தியச் சான்றிதழ், பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காப்புறுதிகள் பெரும்பாலும் மோட்டார் பந்தயத்தை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஆறாம் படி: ஓராண்டின் பின்

முதற் பயிற்சி முடிந்ததும் கார்ட் வாங்கும் ஆசை வரும். டயரும், இயந்திரத்தைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையும், மெக்கானிக்கின் நாட்கூலியும், தடம் வரை ஏற்றிச் செல்லும் லொறி வாடகையும் வாங்கிய விலையை விரைவில் முந்திவிடும். அதுவும் தடமே இல்லாத மாவட்டத்தில் கொட்டிலில் நிற்கும் கார்ட் பிள்ளைக்கு எதையும் கற்றுத்தராது. வாகனம், டயர், மெக்கானிக் எல்லாவற்றையும் அணியே தந்து, இருக்கைக்கு மட்டும் கட்டணம் பெறும் ஏற்பாடே நமக்குப் பொருத்தம். ஓராண்டுக்குப் பிறகும் சுற்று நேரங்கள் சுருங்கவில்லை, ஆனால் பிள்ளைக்கு இத்துறை விட்டுப்போகவில்லை என்றால், மெக்கானிக், தரவு ஆய்வாளர், தடப் பணியாளர் ஆகிய பாதைகளைப் பற்றி அதே கழகத்தில் விசாரியுங்கள். கணிதமும் பௌதிகவியலும் எடுத்து உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இவற்றுள் சில மிகவும் பொருந்தும்.

நேரங்கள் சுருங்கிவந்தால் அனுசரணை தேடலாம். நகரத்து வணிகர்களிடம் போகும்போது, தலைக்கவசத்துடன் எடுத்த படங்களை முன்வைப்பதைவிட, பயிற்சியின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் ஓடிய சுற்று நேரங்களையும், அடுத்த ஆறு மாதத்துக்கான செலவுக் கணக்கையும், பெயர்ப்பலகை எங்கே எத்தனை நாள் தெரியும் என்பதையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முழுத் தொகையை ஒருவரிடம் கேட்காமல், டயர் செலவை ஒருவரிடமும் பயணச் செலவை இன்னொருவரிடமும் கேட்பது இங்கே எளிதில் நடக்கும். பயிற்சியிலிருந்து திரும்பிய வாரத்திலேயே, என்ன செலவானது, என்ன பெறுபேறு என்று அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் அதே கடைப்படியைத் தான் ஏற வேண்டியிருக்கும்.